வேண்டாததை நீக்கும் முன்

2014-இல் ஒரு சிற்றூர் நூலகத்தின் கணினியில் வங்காள எழுத்துருக்களை நீக்கினேன். மறுநாள் காலையில் அந்தத் திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள்.

பழைய கணினி, ஒரு ஜிபி ரேம். டெபியன் 7 லினக்ஸ், அதன்மேல் எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளம். நானே நிறுவிக் கொடுத்தது. இந்திய மொழிகளின் எழுத்துருக்களுக்காக 'ஃபாண்ட்ஸ்-இண்டிக்' என்ற பொதியை மட்டும் கேட்டு நிறுவியிருந்தேன். எல்லா மொழிகளும் ஒரே கட்டளையில் வந்துவிட்டன. சில மாதம் கழித்து நூலகர் அம்மா சொன்னார்: "தம்பி, லிப்ரே ஆபீஸ்ல எழுத்துருப் பட்டியலைத் திறந்தா வங்காளம், குஜராத்தி, ஒடியான்னு வரிசையா நிக்குது. தமிழைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள வந்தவங்க கிளம்பிப் போயிடறாங்க."

நியாயமான குறை. டெர்மினலைத் திறந்து வங்காள எழுத்துருப் பொதியை நீக்கச் சொன்னேன். 'ஃபாண்ட்ஸ்-இண்டிக்' பொதியும் சேர்ந்து போகும் என்று டெபியனின் பொதி மேலாண்மைக் கருவியான ஆப்ட் காட்டியது. அது வெறும் உறைதானே, போகட்டும் என்று 'ஒய்' தட்டினேன். அதோடு இன்னொரு பத்தியும் இருந்தது: தானாக வந்த இன்னின்ன பொதிகள் இனித் தேவையில்லை, வேண்டுமானால் ஆட்டோரிமூவ் செய்து நீக்கிக்கொள்ளலாம் என்று. நீளமான பத்தி. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது. படிக்காமல், கேள்வி கேட்காதே என்னும் 'மைனஸ் ஒய்' சேர்த்து ஆட்டோரிமூவ் ஓட்டினேன். திறந்திருந்த உலாவியில் தமிழ் அப்போதும் சரியாகத்தான் தெரிந்தது, ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிய எழுத்துருவை அது பிடித்து வைத்திருந்ததால். இரவு அணைத்து, காலையில் திறந்தபோது கட்டங்கள்.

ஆப்ட் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில நாள் பிடித்தது. இன்றுவரை பொதிகளை நீக்கும் வேலையில் நான் கடைப்பிடிக்கும் முறை முழுவதும் அந்தச் சில நாளில் பிறந்தது.

'ஃபாண்ட்ஸ்-இண்டிக்' பொதிக்குள் எழுத்துரு ஒன்றுகூடக் கிடையாது. தனக்கு வங்காளம் வேண்டும், தேவநாகரி வேண்டும், தமிழ் வேண்டும் என்று சார்புகளைச் சொல்லும் ஒரு பட்டியல், அவ்வளவே. மெட்டாபேக்கேஜ் என்பார்கள். சொன்ன சார்புகளில் ஒன்றை எடுத்துவிட்டால் அந்தப் பட்டியல் பொய்யாகிவிடும். ஆகவே பட்டியலும் போக வேண்டும். பட்டியல் போன பிறகு மற்ற மொழிகளைப் பிடித்து வைத்திருக்க யாரும் இல்லை. தமிழ் எழுத்துருப் பொதியின் பெயரில் டி, ஏ, எம், எல் என்ற நான்கு எழுத்து இருக்கும். எழுத்துமுறைகளுக்கான ஐஎஸ்ஓ 15924 தரத்தில் தமிழுக்கான குறி அது. அந்தப் பொதியை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. கூட்டத்தோடு வந்தது, கூட்டத்தோடு போனது. தமிழ் வேண்டும் என்பது என் மனதில் இருந்தது. கணினியில் எங்குமே பதிவாகவில்லை.

அந்தப் பதிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். டெபியனிலும் உபுண்டுவிலும் வார், லிப், ஆப்ட் என்று அடைவுகளைத் திறந்துகொண்டு போனால் 'எக்ஸ்டெண்டட் ஸ்டேட்ஸ்' என்று ஒரு சாதாரண உரைக்கோப்பு இருக்கும். எந்தெந்தப் பொதி தானாக வந்தது என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. பொதியின் பெயர், அதன் கீழ் 'ஆட்டோ-இன்ஸ்டால்ட்: 1'. அந்தக் குறி இல்லாத பொதி எல்லாம் நாம் கையால் கேட்டது என்று கொள்ளப்படும். ஆட்டோரிமூவ் செய்வது இதுதான்: கையால் கேட்ட பொதிகளிலிருந்து கிளம்பி, அவற்றின் சார்புகள், அந்தச் சார்புகளின் சார்புகள் என்று வழி பிடித்துப் போகும். கட்டாயச் சார்பை மட்டுமல்ல, பரிந்துரைத்த பொதிகளையும் யோசனையாகச் சொன்னவற்றையும்கூட இயல்பான அமைப்பில் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அப்படி நடந்து தொட முடியாத பொதி எதுவோ, அது அனாதை. தொட முடிந்ததை அது எடுக்காது. இந்தக் கணக்கில் பிசகு வருவது மிக அரிது. பிசகு வருவது நாம் கொடுத்த தொடக்கப் புள்ளிகளில்.

ஆகவே நூலகத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒரு வரி. நீக்கும் கட்டளைக்கு முன்பாக, ஆப்ட்-மார்க் கொண்டு தமிழ் எழுத்துருப் பொதியைக் கையால் கேட்டதாகக் குறித்திருக்க வேண்டும். அதன்பின் உறைப் பொதியை நீக்கி ஆட்டோரிமூவ் செய்திருந்தால் மற்ற மொழிகள் மட்டும் விடைபெற்றிருக்கும், நூலகர் அம்மா கேட்டது அப்படியே நடந்திருக்கும். எனக்குத் தொழிலில் தெரிந்த முக்கியமான செய்தி இதுதான்: வேண்டாததை நீக்கும் முன் வேண்டியதைக் கணினியிடம் சொல்லிவிட வேண்டும்.

உபுண்டு-டெஸ்க்டாப் போன்ற பெரிய உறைகளுக்கு ஆப்ட் ஒரு விலக்கு வைத்திருக்கிறது. 'மெட்டாபேக்கேஜஸ்' என்ற பிரிவில் உள்ள பொதியை நீக்கினால், அது கொண்டுவந்தவை உடனே அனாதையாகிவிடாதபடி ஆப்டின் அமைப்புக்கோப்பு ஒன்று காக்கிறது. எழுத்துருப் பிரிவில் இருந்த உறைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. விலக்கு எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்வதைவிடக் குறியைச் சரியாக வைத்துக்கொள்வது எளிது.

சார்புகளை யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்தால் அந்தப் பட்டியலின்மேல் தானாக மரியாதை வரும். இயன் மர்டாக் 1993-இல் டெபியனைத் தொடங்கினார். தன் பெயரையும் டெப்ரா என்ற தன் தோழியின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர் அது. பொதிகளை உண்மையில் பிரித்து வைக்கும் டிபிகேஜி 1994-இலேயே உருவாகிவிட்டது. சார்புகளைக் கணக்கிட்டு, வேண்டியதைத் தேடிக் கொண்டுவரும் ஆப்ட் பிறகு வந்தது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1-இல் அது இடம்பெற்றது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இல் அறுபத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள். ஒவ்வொரு பொதிக்கும் பொறுப்பாளர் ஒருவரோ ஒரு குழுவோ உண்டு; பெரும்பாலோர் தன்னார்வலர்கள். எந்த நூலகக்கோப்பு இல்லாமல் நிரல் ஓடாது என்பதைப் பொதி கட்டும்போதே டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற கருவி இருமக் கோப்பைத் திறந்து கண்டுபிடித்து எழுதிவிடும். மற்ற சார்புகளைப் பொறுப்பாளர் யோசித்து எழுதுகிறார்: இது கட்டாயம், இது இருந்தால் நல்லது, இது சிலருக்கு உதவும். நான் ஒரு பொதியை நீக்கும்போது ஆப்ட் காட்டும் பட்டியல் இவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்குச் சொல்லும் பதில்.

அந்தப் பதிலைப் படிக்காமல் விடுவதால் வரும் கேடு என்னவென்று இன்னொரு இரவில் தெரிந்தது. பத்து மணிக்கு மேல் போன். தெரிந்த பையன், பொறியியல் மாணவன். "அண்ணா, புது பைத்தான் போடலாம்னு பழசை எடுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணினதும் ஸ்க்ரீன் கருப்பா லாகின் மட்டும் கேக்குது." உபுண்டுவில் பைத்தான் 3 வெறும் மொழி நிரல் அல்ல. மென்பொருள் மூலங்களை நிர்வகிக்கும் கருவி, புதுப்பிப்புக் கருவி, பிழை அறிவிக்கும் கருவி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாக நிறுவும் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. அவற்றின்மேல் மேசைத்தள உறை நிற்கிறது. பைத்தானை எடுத்தால் வீட்டின் பாதி சரியும். "லிஸ்ட் காட்டுச்சாடா?" என்று கேட்டேன். "பெருசா ஏதோ காட்டுச்சுண்ணா. ஒய் குடுத்துட்டேன்."

இப்படி ஆனவர்கள் கணினியை அழித்துப் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் எழுத்து முனையம் கிடைக்கும். ஆப்ட் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதப்பட்டது. பைத்தான் போனாலும் அது உயிரோடு இருக்கும். என்ன போனது என்பதும் எழுதப்பட்டிருக்கும்: வார், லாக், ஆப்ட் அடைவில் 'ஹிஸ்டரி டாட் லாக்' என்ற கோப்பின் கடைசிப் பகுதியில் எந்தத் தேதி, எத்தனை மணி, என்ன கட்டளை, அதனால் நீங்கிய பொதிகள் எவை என்று ஒன்றுவிடாமல் இருக்கும். வயர் கேபிளைச் செருகச் சொன்னேன். போனிலேயே அந்தப் பட்டியலைப் படித்துக்காட்டச் சொல்லி, முதலில் பைத்தானையும் உபுண்டு-டெஸ்க்டாப்பையும், பிறகு விட்டுப்போனவற்றையும் திரும்ப நிறுவினோம். நள்ளிரவு தாண்டி அவன் திரை வந்தது. அவனுடைய கோப்பு ஒன்றும் போகவில்லை. பொதியை நீக்கும் கட்டளை வீட்டு அடைவைத் தொடுவதே இல்லை.

புதிய பைத்தான் வேண்டுமென்றால் பழையதன் பக்கத்தில் வைக்கலாம். திட்டத்துக்கென்று தனிச் சூழல் உருவாக்கலாம். கணினி தனக்காக வைத்திருக்கும் பைத்தானைத் தொடவே தேவையில்லை. இதை அவனிடம் அன்றிரவு சொல்லவில்லை, மறுநாள் சொன்னேன். அந்த நேரத்தில் யாருக்கும் பாடம் ஏறாது.

2021 நவம்பரில், யூடியூபில் கணினி வீடியோக்கள் போடும் லைனஸ் செபாஸ்டியனுக்கு நேர்ந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள். பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். அந்த நேரத்தில் பொதிகளில் இருந்த ஒரு முரண்பாட்டால், ஸ்டீம் வர வேண்டுமானால் மேசைத்தளமே போக வேண்டும் என்று ஆப்ட் கணக்கிட்டது. எச்சரித்தது. 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழு வாக்கியத்தையும் தட்டச்சு செய்யச் சொன்னது. அவர் செய்தார், மேசைத்தளம் போய்விட்டது. உலகமே அவரைக் கேலி செய்தது. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடு கிடையாது. நிறுவச் சொன்னவன் நீக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. திரையில் ஓடும் நூறு வரியில் எது ஆபத்தானது என்று புதிதாக வந்தவருக்கு எப்படித் தெரியும்? ஆப்டைப் பராமரிப்பவர்களும் கேலி செய்யவில்லை, கருவியை மாற்றினார்கள். இன்றியமையாதவை என்று குறிக்கப்பட்ட பொதிகளை நீக்கும் தீர்வை அது இனித் தானாகத் தேர்ந்தெடுக்காது.

நிறுவச் சொன்னால் நீக்கும் என்பதைப்போல நீக்கச் சொன்னால் நிறுவவும் செய்யும். பிஎச்பி பொதி, அப்பாச்சிக்கான இணைப்பு அல்லது எஃப்பிஎம் அல்லது சிஜிஐ, மூன்றில் ஒன்று எனக்கு வேண்டும் என்று சொல்கிறது. என்ஜினெக்ஸ் வைத்திருப்பவர் யோசிக்காமல் பிஎச்பி நிறுவினால் கேளாமலே அப்பாச்சி வந்து இறங்குவது இதனால்தான். வந்த அப்பாச்சி இணைப்பை நீக்கப் போனால், அதன் இடத்தில் எஃப்பிஎம்மை வைக்கலாமா என்று ஆப்ட் கேட்கும். முதல் தடவை பார்க்கும்போது கருவி பிடிவாதம் பிடிப்பதுபோல் தோன்றும். 'அல்லது' என்ற ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் அது அப்படிக் கேட்கிறது. என்ஜினெக்ஸ்காரருக்கு அந்த எஃப்பிஎம்தான் உண்மையில் வேண்டியிருக்கும். முதலிலேயே அதைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அப்பாச்சி வந்திருக்காது.

என் வழக்கம் இப்போது இப்படி. எதை நீக்குவதானாலும் முதலில் 'மைனஸ் எஸ்' சேர்த்து ஒத்திகை ஓட்டுகிறேன். ஒத்திகையில் ஒன்றும் மாறாது. நிர்வாகி அனுமதிகூட வேண்டாம். நீங்கப் போகும் ஒவ்வொரு பொதிக்கும் 'ரிமூவ்' என்பதன் சுருக்கத்தோடு ஒரு வரி வரும். வரிகளை எண்ணுகிறேன். ஒரு சின்ன விளையாட்டை நீக்க மூன்று வரி வந்தால் சரி, முப்பது வந்தால் கையை எடுத்துவிடுகிறேன். பட்டியலில் எதிர்பாராத பெயர் ஒன்று இருந்தால் ஆப்டிட்யூடின் 'ஒய்' என்னும் கட்டளையிடம் கேட்கிறேன். ஏன் என்று பொருள்படும் அந்தக் கட்டளை, இந்தப் பொதி ஏன் இங்கே இருக்கிறது என்பதற்கான சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்டும். எதிர்த்திசையில் பார்க்க, ஒன்றை யாரெல்லாம் சார்ந்திருக்கிறார்கள் என்று ஆப்ட்-கேஷின் ஆர்டிபெண்ட்ஸ் சொல்லும். நிறுவியிருப்பவற்றை மட்டும் காட்டச் சொல்லாவிட்டால் உலகத்தையே அள்ளிக் கொட்டும்.

ஆட்டோரிமூவ், 'மைனஸ் ஒய்' இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு கிடையாது.

பர்ஜ் வேறு வகை எச்சரிக்கை வேண்டுவது. ரிமூவ் என்றால் நிரல் போகும், ஈடிசி அடைவிலுள்ள அமைப்புக்கோப்புகள் இருக்கும். டிபிகேஜி பட்டியலில் அது 'ஆர்சி' என்ற இரண்டெழுத்தோடு நிற்கும். பர்ஜ் என்றால் அமைப்புக்கோப்பும் போகும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் போன்ற தரவுத்தளங்களை பர்ஜ் செய்தால் தரவையும் அழிக்கவா என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வரும்போது கையில் காப்புநகல் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். பழக்கத்தில் என்டர் தட்டிவிட்டு எத்தனையோ வருடக் கணக்கைத் தொலைத்தவரை எனக்குத் தெரியும். பொதியைத் திரும்ப நிறுவலாம். அந்தக் கணக்கைத் திரும்ப எங்கே போய் எடுப்பது?

கர்னல் சங்கதியையும் சொல்ல வேண்டும். பூட் பகுதி தனியாகச் சிறியதாக இருக்கும் கணினிகளில் பழைய கர்னல்கள் சேர்ந்து இடம் நிரம்பிப்போகும். புதுப்பிப்பு பாதியில் நிற்கும். அவசரத்தில் சிலர் பூட் அடைவுக்குள் போய்க் கோப்புகளை ஆர்எம் கட்டளையால் அழித்துவிடுகிறார்கள். கோப்பு போகும், பொதி இருப்பதாகவே டிபிகேஜி எண்ணிக்கொண்டிருக்கும். அதன்பிறகு ஒவ்வொரு புதுப்பிப்பும் தகராறு. யூநேம் கட்டளையால் இப்போது ஓடும் கர்னல் எது என்று பார்த்துக்கொண்டு, அதற்கும் கடைசியாக வந்ததற்கும் பழையவற்றைப் பொதியாகவே நீக்க வேண்டும். இப்போதைய ஆட்டோரிமூவ் ஓடும் கர்னலையும் புதியதையும் தானே காப்பாற்றி வைக்கிறது. ஒழுங்காகப் படித்து ஓட்டினால் போதும். டிபிகேஜிக்குத் தெரியாமல் யூஎஸ்ஆர் அடைவில் எதையும் கையால் அழிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். கோப்பு யாருடையது என்று டிபிகேஜியிடம் 'மைனஸ் பெரிய எஸ்' போட்டுக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லும். யாருடையதும் அல்ல என்று வந்தால், அது யாரோ மூலநிரலிலிருந்து கட்டி வைத்ததாக இருக்கலாம். அதை நீக்கும் வழி வேறு.

அதேபோல, தடைகளைப் பொருட்படுத்தாதே என்று டிபிகேஜியைக் கட்டாயப்படுத்தும் வழியும் உண்டு. இத்தனை வருடத்தில் அதைப் பயன்படுத்த நியாயமான காரணம் எனக்கு ஒரு தடவைதான் வந்தது: ஒரு அச்சுப்பொறி நிறுவனத்தின் டிரைவர் பொதி, தன்னுடைய நீக்கும் ஸ்கிரிப்டிலேயே பிழை வைத்துக்கொண்டு போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் சிக்கிக்கொண்டது. மற்றபடி, கட்டாயப்படுத்தும் ஆசை வரும்போதெல்லாம் நான் எதையோ புரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

இடம் போதவில்லை என்று நீக்க வருபவர்களிடம் முதலில் ஆப்ட் கிளீன் செய்யச் சொல்கிறேன். தரவிறக்கி வைத்த பொதிக்கோப்புகள் வார், கேஷ் அடைவில் ஜிபி கணக்கில் குவிந்திருக்கலாம். அவற்றை எடுப்பதால் எந்தச் சார்பும் அறுவதில்லை. அதன்பின் டெபியன்-குடீஸ் பொதியில் வரும் டிபிக்ஸ் கருவியை ஓட்டினால் அதிக இடம் பிடிப்பவை எவை என்று வரிசையாகத் தெரியும். பத்து கேபி நூலகப் பொதிகளை நூறு எண்ணம் தேடித் தேடி நீக்குவதில் இடமும் மிஞ்சாது, நிம்மதியும் மிஞ்சாது. யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கும் பொதி இருந்துவிட்டுப் போகட்டும். யாரும் பயன்படுத்தாமல் வலையில் கதவு திறந்து கேட்டுக்கொண்டிருக்கும் சேவைகளை மட்டும் நான் விடுவதில்லை, தேடி நீக்குகிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் கணினிகளில் ஆண்டுக்கு இருமுறை ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் ஓட்டுகிறேன். கையால் கேட்டவற்றின் பட்டியல் அது. வரி வரியாகப் படிக்கிறேன். என்றோ ஒரு பிழையைச் சரிசெய்யப் பெயர் சொல்லி நிறுவிய நூலகப் பொதி அதில் கிடக்கும். ஒருமுறை கேட்டுவிட்டால் அது கையால் கேட்டதாகவே காலத்துக்கும் நிற்கும், ஆட்டோரிமூவ் தொடாது. அதைத் தானாக வந்ததாக மாற்றிக் குறிக்கிறேன். யாரோ சார்ந்திருந்தால் அது இருக்கும், இல்லையென்றால் அடுத்த ஒத்திகையில் வெளியே வரும். மறுபக்கம், தினமும் பயன்படுத்தும் ஒன்று பட்டியலில் இல்லாமல் ஏதோ உறையின் நிழலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் கேட்டதாகக் குறிக்கிறேன். இதற்கு அரை மணி நேரம் போதும். அந்த அரை மணிக்குப் பிறகு எதை நீக்கினாலும் ஆப்ட் சொல்லும் பதில் நம்பத் தக்கதாக இருக்கிறது, ஏனென்றால் நான் அதற்குச் சொன்னது உண்மை.

இன்று இரவு உங்கள் கணினியிலும் அந்தக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். எதையும் நீக்க வேண்டாம். தமிழ் எழுத்துருவும் தமிழ் உள்ளிடும் கருவியும் அந்தப் பட்டியலில் உங்கள் பெயரால் நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் இப்போதே குறித்து வையுங்கள்.